ஐஸ்கிரீம் குற்றவாளி இல்லை

நேற்றுச் சாயங்காலம் ஐஸ்கிரீம். இன்று காலையில் தொண்டை வலி. எச்சில் விழுங்கினால்கூட வலிக்கிறது. வீட்டில் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும். "அப்பவே சொன்னேன், ஐஸ் வேண்டாம்னு. கேட்டியா?" பாட்டி சொல்வார். அம்மா சொல்வார். பக்கத்து வீட்டு அத்தை வந்து அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போவார். ஐஸ்கிரீமுக்காக வாதாட ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

நாம் வாதாடிப் பார்ப்போம், வாருங்கள்.

எந்த வழக்கிலும் முதலில் கேட்க வேண்டியது, சம்பவம் எப்போது நடந்தது என்பதைத்தான். தொண்டையைப் புண்ணாக்கும் கிருமி உள்ளே நுழைந்த நிமிடமே வலி தொடங்கிவிடாது. அது தொண்டைச் சுவரில் ஒட்ட வேண்டும், பெருக வேண்டும், நம் உடம்பு அதைக் கண்டுகொண்டு சண்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்தச் சண்டையில் தொண்டை சிவந்து வீங்கும்போதுதான் நமக்கு வலிக்கிறது. சாதாரணச் சளிக் கிருமி என்றால் இதற்கு 1 முதல் 3 நாள் ஆகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்றால் 2 முதல் 5 நாள். இன்று வியாழக்கிழமை, தொண்டையில் இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் தோண்டித் துருவ வேண்டியது புதன்கிழமைச் சாயங்காலத்தை அல்ல. சனிக்கிழமை முதல் செவ்வாய்க்கிழமை வரையிலான நாட்களை. அப்போது யாருடன் விளையாடினீர்கள்? வகுப்பில் பக்கத்தில் யார் இருமிக்கொண்டிருந்தார்கள்?

குளிர்ந்த பொருள் சிலருக்குத் தொண்டையைக் கொஞ்ச நேரம் உறுத்தலாம், உண்மைதான். ஆனால் கிருமி இல்லாமல் தொற்று வராது. டான்சில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்கு மருத்துவர்களே ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்வதுண்டு; புண்ணான தொண்டைக்கு அது இதம். (பாட்டியிடம் இதைச் சொல்லும்போது நாலடி தள்ளி நின்று சொல்லுங்கள்.)

அப்படியானால் குற்றவாளி யார்? ஏறக்குறைய எப்போதுமே இன்னொரு மனிதரின் தொண்டையிலிருந்தோ மூக்கிலிருந்தோ கிளம்பி வந்த ஒரு கிருமிதான். அது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்தவருக்குப் போகாமல் தடுக்க முடியும். மழையையும் ஐஸையும் திட்டிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும்.

தொண்டை வலி என்று மருத்துவரிடம் போகும் 10 பிள்ளைகளில் சுமார் 7 பேருக்குக் காரணம் வைரஸ். அடினோ வைரஸ், ரைனோ வைரஸ், இன்ஃபுளுவென்சா, கொரோனா என்று அது பெரிய கூட்டம். இவை வந்தால் மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், குரல் கம்மும், சில சமயம் கண்ணும் சிவக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்குவதால் காசுதான் போகும். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிப்பது, வெதுவெதுப்பான பால், கஞ்சி எல்லாம் இதமாக இருக்கும். கிருமியைக் கொல்லாவிட்டாலும், இதமும் ஒரு நல்ல காரியம்தானே.

மீதி 3 பேர் பக்கம் வருவோம். அவர்களுக்கு வந்திருப்பது அநேகமாக நாம் முன்பு பார்த்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ். மருத்துவர்கள் செல்லமாக 'ஸ்ட்ரெப்' என்பார்கள். இது 5 வயது முதல் 15 வயது வரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். 3 வயதுக்குக் கீழே அபூர்வம். திடீரென்று வரும். காய்ச்சல் அடிக்கும், விழுங்கினால் வலி உயிர் போகும், கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டும், டான்சிலில் வெள்ளைத் திட்டு தெரியலாம். வேடிக்கை என்னவென்றால் இருமலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் இருக்காது. சிலருக்கு உடம்பெல்லாம் சொரசொரவென்று சிவப்புத் தடிப்பும் வரும். அதற்கு ஸ்கார்லெட் காய்ச்சல் என்று பெயர்.

ஆனாலும் டார்ச் அடித்துப் பார்த்தே 'இது ஸ்ட்ரெப்' என்று அடித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அதனால் பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் தடவி எடுப்பார்கள். குமட்டும், ஒரு நொடிதான். அந்தப் பஞ்சை, ஆட்டு ரத்தம் கலந்த ஒரு தட்டில் தேய்த்து, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் தட்டில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் முளைக்கும்; ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தச் சிவப்பு கரைந்து தெளிவான ஒரு வளையம் தெரியும். சிவப்பணுக்களை உடைத்துவிட்ட ஸ்ட்ரெப் விட்டுப்போன தடயம் அது. சில நிமிடங்களில் விடை சொல்லும் சோதனைப் பட்டைகளும் இப்போது வந்துவிட்டன.

நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்ட்ரெப் உருண்டை உருண்டையாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி, கோத்த பாசிமணி மாதிரி வரிசையாக நிற்கும். ஓர் உருண்டையின் அகலம் கிட்டத்தட்ட 1 மைக்ரோமீட்டர். உங்கள் அளவுகோலில் உள்ள ஒரே ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரம் உருண்டைகளை நிறுத்தலாம்.

எல்லா ஸ்ட்ரெப்பும் பார்க்க ஒரே மாதிரி. உங்கள் தொண்டையில் இருப்பதும், அடுத்த தெருப் பையன் தொண்டையில் இருப்பதும் ஒன்றேதானா, வேறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வழி கண்டவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற பெண் விஞ்ஞானி. 1918-இல் நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் டெக்சாஸ் ராணுவ முகாம்களில் பரவிய ஸ்ட்ரெப் கிருமிகளின் மாதிரிகள் அவர் மேசைக்கு வந்தன. ஒன்றுபோலத் தெரிந்த அவை ஒரே வகை அல்ல, பல வகை என்று தெரிந்தது. பிறகு ஸ்ட்ரெப்பின் வெளிப்புறத்தில் ரோமம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எம் புரதத்தை ஆராய்ந்தார். அந்தப் புரதம் வகைக்கு வகை மாறும். அதை வைத்து ஒவ்வொரு ஸ்ட்ரெப்புக்கும் அடையாள எண் கொடுக்க முடிந்தது. இன்று 200-க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். 1933-இல் அவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம் முழுவதையும் ஏ, பி, சி என்று பிரித்து அடுக்கினார். நம் தொண்டைக்காரர் 'ஏ' பிரிவு.

எங்கே புதுவகை ஸ்ட்ரெப் தென்பட்டாலும் மருத்துவர்கள் அவருக்கு அனுப்பிவைத்தார்கள். லண்டன் துப்பறியும் போலீசின் பெயரான ஸ்காட்லாந்து யார்டு என்பதையே அவருடைய ஆய்வுக்கூடத்துக்கும் பட்டப்பெயராக வைத்தார்கள். பொருத்தமான பெயர். அடையாள எண் இருந்தால்தானே யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தடம் பிடிக்க முடியும்?

அந்தத் தடம் பிடிக்கும் வேலை பெரிதாக நடந்த இடம் இன்னொரு ராணுவத் தளம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷையென் என்ற ஊர்ப்பக்கம் வாரன் என்றொரு தளம் உண்டு. 1940-களின் கடைசியில் அங்கே புதிதாகச் சேர்ந்த இளம் வீரர்கள் கொத்துக் கொத்தாகத் தொண்டை வலியில் படுத்தார்கள். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில், குளிர்காலம், சாத்திய ஜன்னல். ஸ்ட்ரெப்புக்கு வேறென்ன வேண்டும்? சார்ல்ஸ் ராமல்காம்ப் என்ற மருத்துவர் தலைமையில் அங்கேயே ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாரும் சந்தேகப்பட்டது போர்வையையும் தூசியையும். நோயாளி போர்த்திய கம்பளியைத் தட்டில் உதறிப் பார்த்தால் உயிருள்ள ஸ்ட்ரெப் ஏராளமாக முளைத்தது. அறைத் தூசியிலும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள்தானே? ராமல்காம்ப் குழுவினர் அதோடு நிற்கவில்லை. ஸ்ட்ரெப் நோயாளிகள் பயன்படுத்திய கம்பளிகளைத் துவைக்காமல் சில வீரர்களுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சுத்தமான கம்பளி. யாருக்குத் தொற்று அதிகம் வருகிறது என்று காத்திருந்தார்கள். (இன்றைக்கு இப்படி ஒரு சோதனையை எளிதில் நடத்திவிட முடியாது; ஆயிரம் அனுமதி வாங்க வேண்டும். அது நல்லதுதான்.)

விடை: வித்தியாசமே இல்லை. அழுக்குக் கம்பளி போர்த்தியவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் வரவில்லை. தூசியை வைத்துச் செய்த சோதனையும் அதையே சொன்னது. காய்ந்துபோன ஸ்ட்ரெப் தட்டில் முளைக்கிறது. ஆனால் தொண்டையைப் பிடிக்கும் வலு அதற்குப் போய்விடுகிறது.

அடுத்துக் கட்டில்களை அளந்தார்கள். ஸ்ட்ரெப் உள்ளவரின் கட்டிலுக்கு எவ்வளவு பக்கத்தில் ஒருவர் படுத்தாரோ அவ்வளவு அதிகமாக அவருக்குத் தொற்றியது. தள்ளிப் படுத்தவர்களுக்குக் குறைவு. கம்பளி தப்பித்தது, தூசி தப்பித்தது. மாட்டிக்கொண்டது இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள தூரம். இருமும்போதும் தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும்கூட, வாயிலிருந்து ஈரத்துளிகள் தெறிக்கின்றன. பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் இன்னொரு முகம் இருந்தால் ஸ்ட்ரெப்புக்குப் புது வீடு கிடைத்துவிட்டது.

இனி உங்கள் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். நாலு பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஐந்து பேர். பக்கத்தில் உள்ளவர் காதோடு வாய் வைத்துப் பேசும் ரகசியம். வாரன் தளத்துக் கட்டில்களுக்கு நடுவேகூட இதைவிட அதிக இடைவெளி இருந்திருக்கும். பெஞ்சுகளை நகர்த்துவது உங்கள் கையில் இல்லை. தலைமையாசிரியர் கையிலும் பல சமயம் இல்லை. ஆனால் இருமல் வரும்போது முகத்தைத் திருப்பி, முழங்கையை மடக்கி, அதற்குள் இருமுவது உங்களால் முடியும். உள்ளங்கையில் இருமினால் அந்தக் கை அடுத்த நிமிடம் பக்கத்துப் பையனின் பேனாவைத் தொடும். முழங்கையின் உட்பக்கத்தால் யாரும் எதையும் தொடுவதில்லை. எல்.கே.ஜி. பிள்ளைகளின் சட்டையில் குத்தி அனுப்பும் கைக்குட்டை நல்ல ஏற்பாடுதான், தினமும் துவைத்துக் காய்ந்ததாக இருந்தால். திங்கள்கிழமை குத்தியது வெள்ளிக்கிழமை வரை அப்படியே தொங்கினால், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றில் மிதக்கும் சின்னத் துளிகள் கலைந்து போகும். சளி வைரஸ்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் பொருட்கள் எல்லாமே நிரபராதிகளா? அவ்வளவு சீக்கிரம் விடுதலை செய்துவிட முடியாது. காய்ந்த போர்வை வேறு, ஈரம் காயாத எச்சில் வேறு. ஒருவர் ஊதிய விசிலை வாங்கி உடனே இன்னொருவர் ஊதுவது, ஒரே பலூனை மாற்றி மாற்றி ஊதுவது, ஒரே கரண்டியில் இரண்டு பேர் ஐஸ்கிரீம் தின்பது, இவை எல்லாம் நேரடித் தபால். அந்தக் கடைசி வழக்கில் மட்டும் ஐஸ்கிரீமைக் கூண்டில் ஏற்றலாம். அப்போதும் குற்றம் கரண்டியின் மேல்தான்.

சாப்பாடு வழியாகவும் ஸ்ட்ரெப் பரவியிருக்கிறது. 1911-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரிய தொண்டைநோய் அலை ஒன்று அடித்தது. தடம் பிடித்துப் போனால் அது ஒரு பண்ணையிலிருந்து வந்த, சூடாக்கிக் கிருமி நீக்காத பாலில் போய் முடிந்தது. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சிக் குடிப்பதால் அந்தக் கவலை நமக்கு இல்லை.

தண்ணீர் பாட்டிலில் வாய் வைக்காமல் அண்ணாந்து தூக்கிக் குடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதற்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுக்கலாம். ஒரே பாட்டிலை ஆறு பேர் குடித்தாலும் எச்சில் படாது. சட்டையெல்லாம் நனைந்தாலும் பரவாயில்லை. ஆனால் காக்காய்க் கடிக்கு மதிப்பெண் போட முடியாது. கடலை மிட்டாயைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் கடித்து, 'எச்சில் இல்லை, பாத்துக்கோ' என்று பாதியை நீட்டுவது நட்புக்கு நல்ல அடையாளம். ஆனால் எச்சில் துணியின் வழியே ஊறிவிடும். பத்தாததற்கு, காலையிலிருந்து அந்தச் சட்டையில் துடைத்த எல்லாமும் மிட்டாயில் ஒட்டிக்கொள்ளும். கையைக் கழுவிவிட்டு உடைத்துத் தாருங்கள், அதுவும் நட்புதான். சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு ஈரத்துணி கொடுத்தனுப்புங்கள். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நோட்டுப் புரட்டும் பெரியவர்களை என்ன செய்வது? இந்தக் கட்டுரையை அவர்கள் கண்ணில் படும்படி விரித்து வைத்துவிட்டு ஓடிவிடுங்கள்.

வைரஸ்களுக்கு வேறு குணம். ரைனோ வைரஸ் விரலிலும் கைப்பிடியிலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அங்கிருந்து நம் கையே அதை மூக்குக்கும் கண்ணுக்கும் கொண்டு சேர்க்கும். 'நான் முகத்தைத் தொடுவதே இல்லை' என்று சொல்லாதீர்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மருத்துவம் படிக்கும் மாணவர்களையே வகுப்பில் வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 முறை தம் முகத்தைத் தொட்டார். கிருமியைப் பற்றிப் படிப்பவர்களே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்? நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பாடவேளை முழுக்க நண்பருக்குத் தெரியாமல் அவர் முகத்தைத் தொடுவதைக் கோடு போட்டு எண்ணுங்கள். இன்னொரு நாள் அவர் உங்களுக்குத் தெரியாமல் உங்களை எண்ணட்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாருமே ஒழுங்காகிவிடுகிறோம்.

முகத்தைத் தொடுவதை நிறுத்துவது கடினம். கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எளிது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் குடிசைப் பகுதிகளில் சில குடும்பங்களுக்குச் சோப்பு இலவசமாகக் கொடுத்து, வாரா வாரம் வீட்டுக்கே போய்க் கை கழுவுவதை ஊக்கப்படுத்தினார்கள். 2005-இல் முடிவு வெளிவந்தது. அந்த வீடுகளில் 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் பாதியாக, தோலில் வரும் கொப்புளப் புண் மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. அந்தப் புண்ணை உண்டாக்குபவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் ஸ்ட்ரெப்தான். தொண்டையில் இடம் கிடைக்காவிட்டால் தோலில் குடியேறும்.

கவனியுங்கள், அவர்கள் கொடுத்தது சோப்பு. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் விரல் நுனியை மட்டும் நனைத்து, டவுசரில் துடைத்துக்கொண்டு ஓடுவது கை கழுவுவதில் சேராது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் 20 நொடி தேய்க்க வேண்டும். பள்ளிக் குழாயடியில் சோப்பு இல்லையென்றால் வகுப்புத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

வீட்டில் குட்டிப் பாப்பா இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாப்பாக்களுக்கு உலகத்தையே வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். பொம்மை, சாவிக்கொத்து, உங்கள் அழிப்பான். அங்கன்வாடியில் ஒருத்தி கடித்த பொம்மையை அடுத்தவன் கடிப்பான். அதனால்தான் அங்கே ஒருவருக்குச் சளி பிடித்தால் வாரக் கடைசியில் பாதிப் பேர் மூக்கொழுக நிற்கிறார்கள். பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்கலாம். இது உங்களாலேயே முடிகிற வேலை. உங்களுக்குத் தொண்டை வலி இருக்கும்போது பாப்பாவுக்கு முத்தம் வேண்டாம், சோற்றை வாயால் ஊதி ஆற்றியும் ஊட்ட வேண்டாம். கொஞ்ச நேரம் வைத்தால் சோறு தானாக ஆறிவிடும்.

எல்லாம் செய்தும் ஸ்ட்ரெப் வந்துவிட்டதா? பயப்பட ஒன்றுமில்லை. பென்சிலின் என்ற பழைய மருந்துக்கு ஸ்ட்ரெப் இன்றுவரை அடங்கித்தான் போகிறது. பல பாக்டீரியாக்கள் பென்சிலினை ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டன. இது மட்டும் கற்கவில்லை. மருந்து தொடங்கி 12 முதல் 24 மணி நேரத்தில், அடுத்தவருக்குப் பரப்பும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்குப் போகலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஆண்டு விழாவில் 'ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்' என்று கோப்பை கொடுக்கிறார்களே, அந்தக் கோப்பையைக் கிருமிகள்தான் வாங்க வேண்டும். காய்ச்சலோடு இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிள்ளை பாராட்டுப் பெறுகிறது. அதன் பக்கத்து நாலு பேர் அடுத்த வாரம் படுக்கிறார்கள். நோய் வந்தபோது வீட்டில் இருந்ததற்கு ஒரு பரிசு கொடுத்தால் நான் கைதட்டுவேன்.

மருத்துவர் 10 நாள் மாத்திரை கொடுத்தால் பிள்ளைகள் செய்வது என்ன? மூன்றாம் நாள் வலி போய்விடும். நாலாம் நாள் மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். ஸ்ட்ரெப் முழுதாக ஒழிந்திருக்காது, அதுதான் ஆபத்து. ஸ்ட்ரெப்பின் எம் புரதம் இருக்கிறதே, அது நம் இதயத் தசையில் உள்ள சில புரதங்களைப் போலவே இருக்கும். ஸ்ட்ரெப்பை எதிர்க்க நம் உடம்பு தயாரிக்கும் படை, சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் இதயத்தையே தாக்கிவிடும். தொண்டை வலி போய் 2 முதல் 4 வாரம் கழித்துக் காய்ச்சல், முட்டியும் கணுக்காலும் மாறி மாறி வீக்கம் என்று அது தொடங்கும். இதற்கு வாதக் காய்ச்சல் என்று பெயர். இதய வால்வுகள் கெட்டுப்போனால் வாழ்நாள் முழுவதும் தொல்லை. இந்தியாவில் இன்னும் இப்படி இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். தொண்டைவலி தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் ஆரம்பித்தாலும் இதைத் தடுத்துவிடலாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் வாரன் தளத்து ஆய்வுக்கூடம்தான். அதற்காக 1954-இல் அவர்களுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

கொரோனா காலத்தில் நாமே அறியாமல் உலகம் முழுக்க ஒரு பெரிய சோதனை நடந்தது. 2020-இல் பள்ளிகள் மூடின, முகக்கவசம் வந்தது, கை கழுவினோம், தள்ளி நின்றோம். பல நாடுகளில் ஸ்ட்ரெப் தொற்று சரிந்தது. 2022 கடைசியில், எல்லாம் திறந்த பிறகு, பிரிட்டன் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளில் திரும்பவும் துள்ளி எழுந்தது. பிரிட்டனில் பிள்ளைகள் குடிக்கும் பென்சிலின் திரவ மருந்துக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. ஸ்ட்ரெப் எங்கேயும் போயிருக்கவில்லை. நோயே இல்லாமல் அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரியும் பிள்ளைகள் 100-க்கு 10 பேருக்கு மேல் எப்போதும் உண்டு. அவர்களிடமிருந்து அவ்வளவாகப் பரவாது. அவர்களைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பதும் பொதுவாகத் தேவையில்லை. நாம் பார்க்க வேண்டியது காய்ச்சலும் வலியுமாக இருப்பவரைத்தான். யாராவது எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழியவிட்டால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், அதற்கு மட்டும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

மூச்சு என்றதும், ஒரு காலத்தில் எல்லாத் தொண்டை நோய்களையும்விடப் பெற்றோர்களை நடுங்க வைத்த ஒன்று ஞாபகம் வருகிறது. டிப்தீரியா. தமிழில் தொண்டை அடைப்பான். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரிப் படர்ந்து மூச்சை அடைத்துவிடும். அந்தக் கிருமி கக்கும் நஞ்சு இதயத்தையும் நரம்பையும் கெடுக்கும். 1890-இல் பெர்லினில் எமில் பெரிங்கும், ஜப்பானிலிருந்து வந்திருந்த கிடசாட்டோவும் விலங்குகளின் ரத்தத்திலிருந்து அதற்கு மாற்று மருந்து எடுக்கலாம் என்று காட்டினார்கள். 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே பெரிங்குக்குத்தான். கிடசாட்டோவுக்கு ஏன் பங்கு கொடுக்கவில்லை என்று இன்றுவரை கேட்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவர். 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்ற பனியூரில் இந்த நோய் பரவியபோது, 20 பேர் நாய்வண்டிகளில் மாற்றி மாற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனியில் ஓட்டி அந்த மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஐந்தரை நாளில்.

இன்று அந்த ஓட்டமெல்லாம் வேண்டாம். டிப்தீரியாவின் நஞ்சை வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கும் வழியை 1923-இல் பிரான்சின் காஸ்தோன் ரமோன் கண்டுபிடித்தார். நம் நாட்டில் குழந்தை பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதுவும் இருக்கிறது. 2011 டிசம்பரில் இந்த ஊசி இந்தியாவிலேயே முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். பிறகு ஒன்றரை வயது வாக்கில் ஒரு முறை, 5 வயதில் ஒரு முறை. அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 10 வயதிலும் 16 வயதிலும் இன்னும் இரண்டு ஊசி பாக்கி இருக்கிறது. செவிலியர் அக்கா பள்ளிக்கு வரும் அன்று வயிற்றுவலி வந்துவிடுகிற ஆட்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா?

ஸ்ட்ரெப்புக்கு மட்டும் இன்னும் தடுப்பூசி இல்லை. 200 வகைக்கு மேல் இருப்பது ஒரு காரணம். எம் புரதம் இதயத்தின் புரதங்களைப் போல இருப்பது இன்னொன்று; ஊசி போட்டு உடம்பைத் தூண்டிவிடப் போய், அது இதயத்தின் பக்கம் திரும்பிவிட்டால்? அதனால் மெதுவாகத்தான் அடியெடுத்து வைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆரோக்கியமான பெரியவர்கள் சிலர் தாங்களே முன்வந்து, எம் 75 என்ற வகை ஸ்ட்ரெப்பைத் தங்கள் தொண்டையில் தடவ விட்டார்கள். நாளைக்கு ஒரு தடுப்பூசி வந்தால், அது வேலை செய்கிறதா என்று இப்படித்தானே சோதிக்க வேண்டும்? முதலில், தடவினால் வலி வருகிறதா என்றாவது தெரிய வேண்டும். பெரும்பாலானோருக்கு வந்தது. மருத்துவர்கள் கண்காணிப்பிலேயே அவர்களை வைத்திருந்து, ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்தி, பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.